உங்களுக்குத் தெரியுமா? ரோலர் டெர்பி: விழப் பழகியவர்களின் ஆட்டம்

பந்து கிடையாது. மட்டை கிடையாது. வலையும் கம்பமும் கிடையாது. நீள்வட்டத் தளம் ஒன்று, இரண்டு அணிகள், ஒவ்வொருவர் காலிலும் எட்டுச் சக்கரங்கள். அவ்வளவுதான் ரோலர் டெர்பி. ஸ்கேட்டிங் என்றால் குழந்தைகளின் கோடை விடுமுறைப் பயிற்சி என்று நினைப்பவர்களை இந்த ஆட்டம் வியக்க வைக்கும். முப்பது வயதில் முதன்முறையாகச் சக்கரம் கட்டியவர்கள்கூட இதில் அணி வீரர்களாகியிருக்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள், எதை முதலில் கற்றார்கள்? தெரிந்துகொள்வோம்.

ஆட்டம் புரிய ஐந்து நிமிடம்

● ஒரு முழு ஆட்டம் 60 நிமிடம். 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் ‘ஜாம்’ எனப்படும் சிறு சிறு சுற்றுகளாகப் பிரியும். ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம். அடுத்த ஜாமுக்கு முன் 30 வினாடிதான் இடைவெளி. அதற்குள் அடுத்த ஐவர் களத்துக்கு வந்து, இடம் பிடித்து, முழங்கால் மடக்கித் தயாராக வேண்டும். அணிப் பட்டியலில் 15 பேர் வரை இருக்கலாம். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்.

● ஐவரில் ஒருவர் ‘ஜாமர்’. அவருடைய ஹெல்மெட்டின் மேல் நட்சத்திரம் பொறித்த துணி உறை இருக்கும். மற்ற நால்வரும் ‘பிளாக்கர்’கள். அவர்களில் ஒருவர் ‘பிவட்’. அவர் உறையில் கோடு போட்டிருக்கும். பார்வையாளர் முதலில் தேட வேண்டியது இரண்டு நட்சத்திரங்களை. அவை எங்கே போகின்றன என்று கண் வைத்தாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

● கபடி பார்த்தவருக்கு மீதிப் பாதியும் எளிது. ஜாமர்தான் இங்கே ரைடர். எதிரணி பிளாக்கர்களைத் தாண்டிப் போவது அவர் வேலை. ஒரு வேறுபாடு உண்டு. கபடியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் ரைடு போகும். டெர்பியில் இரண்டு அணியின் ஜாமர்களும் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். ஆகவே பிளாக்கர்கள் எதிரணி ஜாமரை அடைத்து நிறுத்திக்கொண்டே தம் ஜாமருக்கு வழியும் திறக்க வேண்டும். பிடிப்பதும் பாடுவதும் ஒரே மூச்சில்!

● ஜாமர் பிளாக்கர்களின் கூட்டத்தை முதல் தடவை கடப்பதற்குப் புள்ளி இல்லை. சுற்றி வந்து மறுபடி கடக்கும்போதுதான் கணக்கு தொடங்கும். தாண்டும் ஒவ்வோர் எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி; ஒரு சுற்றுக்கு 4 புள்ளி வரை.

● முதல் தடவை கூட்டத்தைத் தவறின்றிக் கடந்து முன்னால் வெளியே வரும் ஜாமர் ‘லீட் ஜாமர்’ ஆகிறார். அவருக்கு ஒரு தனி உரிமை: இரு கைகளாலும் இடுப்பைத் தட்டிக் காட்டினால் ஜாம் அந்த நொடியே முடியும். நான்கு புள்ளி எடுத்துவிட்டு, எதிரணி ஜாமர் புள்ளி எடுக்க நெருங்கும் முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடலாம். எப்போது ஓட வேண்டும் என்பதோடு எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்தவரே நல்ல ஜாமர்.

● ஜாமர் களைத்துவிட்டால்? தலையில் இருக்கும் நட்சத்திர உறையைக் கழற்றிப் பிவட்டின் கையில் கொடுக்கலாம். அதன் பிறகு பிவட்தான் ஜாமர். உறையை வீசி எறியக் கூடாது. கைக்குக் கைதான் மாற வேண்டும். நெரிசலில் தள்ளுமுள்ளுக்கு நடுவே இதைச் செய்வதற்கென்றே அணிகள் தனியாகப் பயிற்சி எடுக்கின்றன.

● களத்தின் எல்லைக் கோட்டுக்கு அடியில் பெரும்பாலும் கயிறு இருக்கும். தரையில் கயிற்றைப் பதித்து அதன் மேல் டேப் ஒட்டுவார்கள். முதுகுப்பக்கமாக ஸ்கேட் செய்பவருக்குக் கோடு தெரியாது. சக்கரம் கயிற்றில் ஏறும்போது எல்லை வந்துவிட்டதைக் கால் சொல்லிவிடும். கயிறும் டேப்பும் இருந்தால் போதும், வழவழப்பான ஒரு கூடத்தைக் காலையில் களமாக்கி மாலையில் பழையபடி ஆக்கிவிடலாம். இந்த ஆட்டம் நாடு நாடாகப் பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

சிகாகோவில் பிறந்த கதை

● 1935 ஆகஸ்ட் 13. சிகாகோ கொலிசியம் அரங்கில் லியோ செல்ட்சர் என்பவர் ஒரு மாரத்தான் பந்தயத்தைத் தொடங்கினார். ஆணும் பெண்ணுமாக 25 ஜோடிகள். அமெரிக்காவைக் கடலிலிருந்து கடல்வரை கடக்கும் தூரத்தை, ஏறத்தாழ 3,000 மைலை, ஒரே அரங்குக்குள் சுற்றிச் சுற்றியே கடக்க வேண்டும். கிட்டத்தட்ட 57,000 சுற்றுகள்! பொருளாதாரப் பெருமந்தத்தில் மக்கள் தவித்த காலம் அது. ஆனாலும் முதல் நாளில் 20,000 பேர் பார்க்க வந்தார்கள் என்கிறது டெர்பி வரலாறு.

● அப்போது இது மோதல் ஆட்டம் இல்லை, தாங்குதிறன் பந்தயம். ஆனால் களைத்த ஜோடிகள் ஒருவரையொருவர் முந்தும்போது இடித்துக்கொண்டார்கள், விழுந்தார்கள். கூட்டம் அந்தக் கணத்தில்தான் எழுந்து நின்றது. அதைக் கவனித்த பத்திரிகை எழுத்தாளர் டேமன் ரன்யன், அந்த முந்தலையும் மோதலையுமே ஆட்டமாக மாற்றும்படி செல்ட்சருக்கு யோசனை சொன்னார். புள்ளிக் கணக்கு அப்படித்தான் பிறந்தது.

● ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று அந்த நாளிலேயே டெர்பியில் வைக்கவில்லை. ஒரே களம், ஒரே விதி, ஒரே புள்ளிப் பலகை. 1930களில் இப்படிச் சொல்லிக்கொள்ளத் தகுந்த தொழில்முறை ஆட்டங்கள் மிகக் குறைவு.

● ‘மா போகாஷ்’ என்று ரசிகர்கள் அன்போடு அழைத்த ஜோசஃபின் போகாஷ், வளர்ந்த மகன் பில்லியோடு சேர்ந்து அந்தக் காலத்தில் களம் கண்டவர். தாயும் மகனும் ஒரே ஆட்டத்தில்! வயதைக் காரணம் காட்டித் தயங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் பெயர் இது.

● அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது, இல்லினாய் மாநிலத்தில். 1937 மார்ச்சில் அந்த ஊருக்கு அருகே டெர்பி குழுவை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக 1 என்ற எண்ணை இனி யாரும் அணிவதில்லை என்று அந்தக் குழு முடிவெடுத்தது.

● 1948 நவம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் டெர்பி ஒளிபரப்பானது. தொலைக்காட்சிப் பெட்டியே புதிதாக இருந்த காலம். மறு ஆண்டே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு டெர்பிக்காக நிரம்பி வழிந்தது.

● 1950களில் டார்லின் ஆண்டர்சன் தொழில்முறை டெர்பியில் நுழைந்தார். அதில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவர்.

● 1973 இறுதியில் செல்ட்சர் குடும்பம் தன் டெர்பியை மூடியது. நிறுவனர் லியோவின் மகன் ஜெர்ரிதான் அப்போது பொறுப்பில் இருந்தார். ஆட்டத்தின் முதல் பிறவி ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

ஆடுபவர்களே கட்டிய இரண்டாம் வீடு

● மறுபிறப்பு 2001இல், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் தொடங்கியது. பெண்கள் சிலர் கூடி ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள். 2003இல் அவர்களில் ஒரு பிரிவினர் ‘டெக்சாஸ் ரோலர்கேர்ல்ஸ்’ என்ற பெயரில், பழைய ஆட்டத்தின் சரிவான மரத்தடம் வேண்டாம், சமதளமே போதும் என்று முடிவெடுத்தார்கள். சரிவுத் தடம் கட்டப் பெரும் பணம் வேண்டும், அதை வைத்திருக்க நிரந்தர இடம் வேண்டும். சமதளத்துக்குக் கயிறும் டேப்பும் போதும். உலகம் முழுக்க டெர்பி பரவ வழி திறந்தது அந்த முடிவுதான்.

● பல நகர அணிகள் 2004இல் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. பெண்கள் சமதள டெர்பி சங்கம் என்று இன்று அறியப்படுவது அதுவே. ‘ஆடுபவர்களால், ஆடுபவர்களுக்காக’ என்பது இந்த இயக்கத்தின் தாரக மந்திரம். பல ஊர்களில் பயிற்சி கொடுப்பது, டிக்கெட் விற்பது, டேப் ஒட்டுவது, நாற்காலி அடுக்குவது எல்லாமே ஆடுபவர்களும் தொண்டர்களும்தான்.

● அந்தச் சங்கத்தின் சாம்பியன் கோப்பைக்கு ‘ஹைட்ரா’ என்று பெயர். சங்கத்தின் முதல் தலைவராக இருந்தவர் களத்தில் வைத்துக்கொண்ட பெயர் அது. 2017இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த விக்டோரியன் ரோலர் டெர்பி லீக் அதை வென்றது. அமெரிக்காவுக்கு வெளியே கோப்பை போனது அதுதான் முதல் முறை.

● முதல் உலகக் கோப்பை 2011இல் கனடாவின் டொரண்டோவில் நடந்தது, 13 நாடுகள் பங்கேற்றன, அமெரிக்கா வென்றது. 2018இல் மான்செஸ்டரில் நடந்த மூன்றாவது உலகக் கோப்பையில் எந்த ஒரு நாட்டின் கொடியும் இல்லாத ஓர் அணியும் இறங்கியது. பல நாடுகளின் பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி அமைத்த அணி அது.

● எகிப்தின் கெய்ரோவில் 2012இல் ‘கெய்ரோலர்ஸ்’ என்ற பெண்கள் அணி உருவானது. சிங்கப்பூரில் உருவான அணியின் பெயரில் ‘சில்லி பாடி’ இருக்கிறது: அந்த ஊர் சமையலில் பிரசித்தமான, உருவில் சிறுத்துக் காரத்தில் பெருத்த மிளகாய். பெயரே எச்சரிக்கை!

● ஆண்கள் டெர்பிக்கும் 2007 முதல் தனிச் சங்கம் இருக்கிறது. சிறுவர் சிறுமியருக்கு ஜூனியர் டெர்பி இருக்கிறது.

காலில் எட்டுச் சக்கரம்

● 1760களில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசஃப் மெர்லின் என்ற கருவி வல்லுநர், தாமே செய்த சக்கரக் காலணியோடு ஒரு விருந்துக்குள் வயலின் வாசித்தபடி நுழைந்தார் என்றும், நிறுத்தத் தெரியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதினார் என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. ஸ்கேட்டிங் வரலாற்றின் முதல் பாடமே இதுதான்: கிளம்பும் முன் நிற்கக் கற்றுக்கொள்.

● 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள் கொண்ட ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் ஸ்கேட்டுகள் நேராகப் போகும், திரும்ப மாட்டா. பிளிம்ப்டன் நடுவில் ரப்பர் மெத்தை வைத்தார். உடம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் சக்கரம் அந்தப் பக்கம் திரும்பியது. இன்றைய டெர்பி ஸ்கேட்டின் அடியில் இருப்பதும் இதே தத்துவம்தான். அந்த ரப்பரை இறுக்கினால் நிலையாக நிற்கும். தளர்த்தினால் சட்டென்று திரும்பும். புதியவர் சற்று இறுக்கமாக வைத்துத் தொடங்கி, கால் பழகப் பழகத் தளர்த்திக்கொள்வது நல்லது.

● சங்க விதிப்படி டெர்பி ஆட நான்கு சக்கர ‘குவாட்’ ஸ்கேட்தான் அணிய வேண்டும். ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள ‘இன்லைன்’ ஸ்கேட்டோடு ஆட முடியாது. நடுவர்களுக்கு மட்டும் அது அனுமதி.

● ஒரு ஜோடி குவாட் ஸ்கேட்டில் எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பேரிங். ஆக 16 பேரிங்குகள். ஒன்றில் தூசி அடைத்தாலும் அந்தச் சக்கரம் இழுக்கும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காதருகே வையுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

● சக்கரத்தின் மேல் 78ஏ, 88ஏ, 95ஏ என்று எண் போட்டிருக்கும். அது கடினத்தன்மையின் அளவு. எண் குறைந்தால் மென்மை, தரையைப் பிடித்துக்கொள்ளும். எண் கூடினால் கடினம், வேகமாக வழுக்கும். சொரசொரப்பான சாலைக்கு 78ஏ போன்ற மென்சக்கரம் பொருந்தும். மரத்தளக் கூடத்துக்குக் கடினமானது பொருந்தும். தோழி வைத்திருக்கும் சக்கரமே எனக்கும் வேண்டும் என்று வாங்காதீர்கள். உடல் எடையும் தளமும் மாறினால் பிடிமானமும் மாறும்.

● முதல் ஸ்கேட் வாங்கும்போது வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல் ஓர் அளவு பெரிதாக எடுக்கக் கூடாது. உள்ளே கால் ஆடினால் ஸ்கேட் ஒரு பக்கமும் கணுக்கால் ஒரு பக்கமும் போகும். விரல் நுனி முன்பகுதியை மெல்லத் தொட வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. பயிற்சிக்கு அணியும் காலுறையையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள்.

கவசம் இல்லாமல் களம் இல்லை

● தலைக்கு ஹெல்மெட், பல்லுக்கு மவுத் கார்டு, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் கவசம். இவை இல்லாமல் எந்தப் பொறுப்புள்ள பயிற்சியாளரும் உங்களைத் தளத்தில் விடமாட்டார்.

● பட்ஜெட் குறைவா? ஸ்கேட்டைப் பழையதாக வாங்குங்கள், இரவல் கேளுங்கள். ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய ஹெல்மெட் இதற்கு முன் எத்தனை அடி வாங்கியது என்று வெளியே தெரியாது. பலமான அடி ஒன்று பட்டால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும்.

● அடுத்து அதிகம் செலவிட வேண்டியது முழங்கால் கவசத்துக்கு. டெர்பியில் முழங்கால்தான் முதலில் தரை தொடும், ஒரு பயிற்சியில் பல தடவை. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் அணியும் மெல்லிய கவசம் இதைத் தாங்காது. தடித்த மெத்தையும் கெட்டி ஓடும் கொண்டதாகப் பாருங்கள்.

● தடுமாறி விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. மணிக்கட்டு எலும்பு முறிவதும் பெரும்பாலும் அப்படித்தான். மணிக்கட்டுக் கவசத்தில் உள்ள கெட்டிப் பட்டை அந்த அடியைப் பகிர்ந்துகொள்ளும். ஆனாலும் கையை ஊன்றாமல் விழப் பழகுவதே உண்மையான காப்பு.

● பயிற்சி முடிந்ததும் வியர்வை ஊறிய கவசங்களைப் பையிலேயே மூடி வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றாட விரித்துப் போடுங்கள். நாற்றம் மட்டுமா, தோல் தொற்றும் வரும்.

முதல் பாடம்: விழுதல்

● டெர்பி பயிற்சியின் முதல் நாளில் வேகம் கற்பிக்க மாட்டார்கள். விழக் கற்பிப்பார்கள். இது தோற்றவர்களுக்கான ஆறுதல் இல்லை, பாடத்திட்டமே அதுதான். ஆடினால் விழத்தான் போகிறோம். எப்படி விழுவது என்பதை உடம்பு முன்பே அறிந்திருந்தால் பயம் பாதியாகக் குறையும். பயம் குறைந்த உடம்பு விறைக்காது. விறைக்காத உடம்புக்கு அடியும் குறைவு.

● முதலில் ஒற்றை முழங்கால் விழல். ஓடும் வேகத்தில் உடம்பைத் தாழ்த்தி, ஒரு முழங்காலைக் கவசத்தின் மேல் மெல்லத் தரையில் தொட்டு, அப்படியே எழுந்துவிடுவது. அடுத்து இரட்டை முழங்கால். அதற்கடுத்து முழங்கால், முழங்கை என நான்கு முனையும் தரை தொடும் விழல். ஒவ்வொன்றையும் நின்ற இடத்தில், பிறகு மெதுவாக, பிறகு வேகத்தில் என்று படிப்படியாகப் பழக்குவார்கள்.

● விழும்போது விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வருபவரின் சக்கரம் விரித்த விரல்மேல் ஏறிவிடும். இந்தப் பழக்கம் கனவிலும் மறக்காத அளவுக்கு ஊறும் வரை பயிற்சியாளர் விடமாட்டார்.

● ‘சுருங்கி விழு’ என்பது இன்னொரு பாடம். கை காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தால் உங்களுக்கும் அடி, அடுத்தவருக்கும் அடி. விழுந்து கிடக்கும்போது உங்கள் கால் தட்டி எதிரணியினர் இடறினால் தவறு உங்கள் கணக்கில் ஏறலாம். தற்காப்பும் ஆட்ட ஒழுங்கும் இங்கே ஒன்றுதான்.

● விழுந்தவர் கையைத் தரையில் ஊன்றாமல், சுமார் மூன்று வினாடிக்குள் எழ வேண்டும். ஒரு முழங்காலில் நின்று, மறு பாதத்தை முன்னால் ஊன்றி, தொடையின் பலத்தில் எழுவது. படிக்கச் சுலபம். வீட்டில் ஸ்கேட் இல்லாமலே, பாயின் மேல், ஒரு பக்கத்துக்குப் பத்து முறை செய்து பாருங்கள். எந்தத் தசை பலப்பட வேண்டும் என்று உடம்பே சொல்லும்.

● பின்புறமாக, முதுகு பட விழுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதைத் தவிர்க்க ஒரே வழி முழங்காலை எப்போதும் மடக்கி வைத்திருப்பது. தடுமாறுகிறதா? நிமிராதீர்கள், இன்னும் தாழுங்கள்.

நிற்கவும் நிறுத்தவும்

● டெர்பியின் அடிப்படை நிலையைப் பார்த்தால் பரதம் கற்றவருக்கு அரைமண்டி நினைவுக்கு வரும். இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, பார்வை முன்னால். அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும். இங்கே முன்னோக்கி மடங்கும். சில நிமிடத்திலேயே தொடை எரியத் தொடங்கும். அந்த எரிச்சலோடு நிற்கப் பழகியவரை அசைப்பது கடினம்.

● நிறுத்துவதற்குப் பல வழிகள். ‘பிளவ் ஸ்டாப்’: காலை அகட்டி, குதிகால்களை வெளியே தள்ளி, ஏர் உழுவதுபோல் தரையை அழுத்துவது. ‘டி ஸ்டாப்’: ஒரு பாதத்தைப் பின்னால் குறுக்காக வைத்து இழுப்பது. பாதத்தின் முன் உள்ள ரப்பர்க் கட்டையான ‘டோ ஸ்டாப்’பை ஊன்றி நிற்பது இன்னொன்று. டெர்பியில் அதிகம் உதவுவது பிளவ் ஸ்டாப்தான். எதிராளியின் முன் சுவராக நிற்பதற்கும் அதுவே அடித்தளம்.

● ஆட்டம் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கும். எனவே வளைவில் வலது காலை இடது காலுக்குக் குறுக்கே தூக்கி வைக்கும் ‘கிராஸ்ஓவர்’ இன்றியமையாதது. ஒரே பக்கம் திரும்பித் திரும்பி உடம்பு ஒரு பக்கமாகப் பலப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக நல்ல பயிற்சியாளர்கள் எதிர்த்திசையிலும் ஓட்டுவார்கள்.

● ‘ஐந்து நிமிடத்தில் இருபத்தேழு’ என்பது புதியவர்களிடையே புகழ்பெற்ற தேர்வு. 5 நிமிடத்தில் 27 சுற்று முடிக்க வேண்டும். அதாவது ஒரு சுற்றுக்குப் பதினோரு வினாடி. முதல் மாதம் பன்னிரண்டு சுற்றில் மூச்சு வாங்கியவர் சில மாதத்தில் இருபத்தேழைத் தொடுவார். கால் வலுவைவிடச் சரியான கிராஸ்ஓவரே அந்த எண்ணைக் கூட்டும்.

● ஸ்கேட் கட்டாத நாளிலும் பயிற்சி உண்டு. உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பிளாங்க், பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. இந்த மூன்றும் போதும், நாளடைவில் களத்தில் வித்தியாசம் தெரியும்.

மோதலுக்கும் முறை உண்டு

● புதியவரை முதல் நாளே யாரும் இடிக்க மாட்டார்கள். விழவும் எழவும் நிற்கவும் திரும்பவும் தெரிந்த பிறகுதான் உடல் மோதல் பயிற்சி. முதலில் தோளோடு தோள் சாய்வது, பிறகு மெல்ல அழுத்துவது, கடைசியில்தான் இடிப்பது.

● தோளாலும் இடுப்பாலும் மார்பாலும் இடிக்கலாம். முழங்கை, முன்கை, தலை கூடாது. எதிராளியின் முதுகிலும் தலையிலும் தொடையின் கீழ்ப்பகுதியிலும் இடிக்கக் கூடாது. தவறுக்குத் தண்டனை 30 வினாடி பெனால்டி பெட்டியில் உட்காருவது. ஏழு தவறு சேர்ந்தால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும்.

● களத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர், தள்ளியவருக்குப் பின்னால்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே தள்ளிய பிளாக்கர் உடனே பின்பக்கமாக ஓடுவார். அவர் எவ்வளவு பின்னால் போகிறாரோ, தள்ளப்பட்டவரும் அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். ஓர் இடியில் பத்து அடி லாபம்! பலத்தைவிட மூளை வெல்லும் இடம் இது.

● விசில் ஒரு மொழி. ஒரு குறு விசில்: ஜாம் தொடக்கம். இரண்டு குறு விசில்: லீட் ஜாமர் கிடைத்துவிட்டார். ஒரு நெடு விசில்: தவறு. நான்கு குறு விசில்: ஜாம் முடிந்தது. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கண்ணை மூடினாலும் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

● ஒல்லியாக இருப்பவர் சந்து கண்டால் நுழைவார். பருத்தவர் சுவராக நின்றால் அசைக்க முடியாது. குள்ளமானவரின் தோளுக்குக் கீழே தாழ யாராலும் முடியாது. நெட்டையானவரின் ஒரு தள்ளு இரண்டு தள்ளுக்குச் சமம். இந்த ஆட்டத்துக்கென்று ஓர் உடல்வாகு இல்லை.

● மோத விருப்பமில்லையா? அதற்கும் இடம் உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஸ்கேட் கட்டிய நடுவர்கள் ஏழு பேர் வரை வேண்டும். புள்ளி எழுத, நேரம் பார்க்க, பெனால்டி பெட்டியைக் கவனிக்க ஸ்கேட் இல்லாத அலுவலர்களும் வேண்டும். ஆளில்லாமல் தவிக்கும் அணிகள் உங்களைக் கைகூப்பி வரவேற்கும்.

● களத்துக்கென்று ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வது டெர்பியின் மரபு. வீரமும் சிலேடையும் கலந்த பெயர்கள். முதுகில் நான்கு இலக்கம் வரை எண் போடலாம். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு பெயருக்குள் அடங்கியிருந்தவர், களத்தில் தானே தேர்ந்த பெயரோடு நிற்கிறார். அந்தச் சுதந்திரத்தின் சுவைக்காகவே பலர் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

சக்கரம் நமக்குப் புதிதல்ல

● ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டிகளை நடத்தும் ‘வேர்ல்டு ஸ்கேட்’ அமைப்பின் குடையின் கீழ்தான் ரோலர் டெர்பியும் வருகிறது. 2017இல் சீனாவின் நான்ஜிங்கில் அந்த அமைப்பு நடத்திய உலக ரோலர் விளையாட்டுகளில் டெர்பியும் இடம்பெற்றது.

● அதே குடையின் கீழ், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹேயில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். இந்தப் போட்டியில் உலக சாம்பியனான முதல் இந்தியர் அவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் தமிழ்நாட்டின் ஆரத்தி கஸ்தூரி ராஜ் இருந்தார். அவர்கள் அணிவது இன்லைன் ஸ்கேட். ஆனால் தாழ்ந்த நிலை, வளைவில் கால் மாற்றுவது, ஒற்றைக் காலில் சறுக்குவது எல்லாம் டெர்பிக்கும் பொதுவான அடிப்படை. எந்த ஸ்கேட்டில் இவற்றைக் கற்றாலும் கற்றது வீண்போகாது.

● தொடங்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. துணையில்லாமல் தனியாகத் தொடங்காதீர்கள். வாகனம் வராத, மணலும் சிறுகல்லும் இல்லாத சமதளத்தைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சியாளரோ பழகிய நண்பரோ பக்கத்தில் இருக்கட்டும். மூட்டு, முதுகுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் மணி நேரத்தில் ஒரு மீட்டர்கூட ஓட வேண்டாம். கவசம் மாட்டுங்கள். முழங்காலை மடக்குங்கள். வேண்டுமென்றே இருபது முறை விழுங்கள். இருபது முறை கையூன்றாமல் எழுந்திருங்கள். இருபத்தோராவது முறை தற்செயலாக விழும்போது பயம் வராது. அன்றைக்குத்தான் நீங்கள் ஸ்கேட்டர்.